விலக்கில் போட்ட பாட்டு

அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரே அதைக் கொண்டாடியது. டீக்கடை, கல்யாண வீடு, கோயில் கொடை, எங்கே போனாலும் அதுதான் ஓடும். பாடினவர் எங்கள் கரிசல் பக்கத்து ஆள் என்பதால் எல்லோருக்கும் கூடுதல் பெருமை வேறு. எனக்கு மட்டும் அது தொடங்கியதும் எழுந்து போய்விடத் தோன்றும்.

நாட்டுப்புறப் பாட்டு. ஒருவன் விரும்பின பெண்ணை வேறு ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். அவன் அழுதுகொண்டு கிடக்காமல் காட்டுக்கு வேலைக்குப் போகிறான். கம்பு விதைத்தேன், உன்னை மறந்துவிட்டேன் என்கிறான். களை எடுத்தேன், மறந்துவிட்டேன் என்கிறான். கதிர் அறுத்தேன், மறந்துவிட்டேன் என்கிறான். அப்புறம் பாட்டு நின்று உறுமி மேளம் மட்டும் கொஞ்ச நேரம் அடித்து ஓயும். அவ்வளவுதான்.

மறந்தவன் எதற்குப் பாட்டுப் பாடுகிறான் என்பது என் கேள்வி. நானும்தான் எத்தனையோ பேரை மறந்திருக்கிறேன். ஒருத்தரைப் பற்றியும் பாடினதில்லை.

மினி பஸ் வந்த புதிது அது. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மினி பஸ் டிரைவர். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைப் பக்கம் போய்த் திரும்பும் வண்டி. காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே போய்விடுவார். வரும்போது சட்டையெல்லாம் டீசல் வாடை.

நிச்சயம் ஆனபோது என் சித்தி ஒன்று சொல்லியிருந்தாள். அவர் லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் பசுவந்தனைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் முறைப்பெண் ஒருத்தியைக் கேட்டிருக்கிறார். கிளீனருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அந்த ஊருக்குள்ளேயே வேறு ஒருத்தருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். "அவருக்கு ரொம்ப நாளு மனசு சரியில்லாம இருந்துச்சாம்" என்று சித்தி இழுத்தாள். முடிந்துபோன கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

எட்டாவது மாதம், ஆபீஸில் என் எதிரே உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறவள் வாயைத் திறந்தாள். அவளுக்கும் பசுவந்தனைப் பக்கம்தான் ஊர். ஆனால் அவள் வருவது பெரிய பஸ்ஸில்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு பெரிய பாட்டு ரசிகரு போலுக்க."

"ஏன்?"

"தெனமும் காலையில அந்த விலக்குல வண்டிய நிப்பாட்டிட்டு அதே பாட்டைத்தான் போடுதாரு. மறந்துட்டேன் மறந்துட்டேன்னு. நாங்க தாண்டிப் போறப்பல்லாம் ஓடுது. பாட்டு முடியாம வண்டி நகராதாம்லா."

"எந்த விலக்கு?"

சொன்னாள். சித்தி சொன்ன அதே ஊருக்கு ரோடு பிரியும் இடம்.

கையிலிருந்த லேபிளை இரண்டு பெட்டிக்குக் குறுக்கே ஒட்டிவிட்டேன். "பசைய வீணாக்காதட்டி" என்று அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கென்ன.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்கு வாய் நீளம். கணக்கப்பிள்ளையிடம் சண்டை போட்டிருக்கிறேன். தண்ணீர்க் குழாயடியில் தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் இதை மட்டும் அவரிடம் நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாது. அங்கே எனக்குக் கீழே இரண்டு பேர் கல்யாணத்துக்கு நின்றார்கள். பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்றால் கேள்வியை எதற்குக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டது வாய் மட்டும்தான். சோறு போடும்போது முகத்தைப் பார்த்தேன். தூங்கும்போது பார்த்தேன். குளிக்கும்போது அந்தப் பாட்டைச் சீட்டியடிப்பார். நான் அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்பேன், எந்த இடத்தில் சீட்டி நிற்கிறது என்று. ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"வண்டியில பாட்டெல்லாம் போடுதியளோ?"

"பாட்டு இல்லாத மினி பஸ்ல எவன் ஏறுதான்?"

"என்ன பாட்டு?"

"இருக்கதைப் போடுவேன்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பதிலை ஒரு வாரம் வைத்து அரைத்தேன். இருக்கதை என்றால் எதை? வண்டியில் இருப்பதையா, மனசில் இருப்பதையா? இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. சாப்பாடு இறங்காது. தினமும் காலையில் ஏழு மணி தாண்டியதும் நெஞ்சு படபடக்கும். இந்நேரம் விலக்கில் நிற்பார், இந்நேரம் பாட்டு ஓடும், இந்நேரம் அவள் வாசலில் நின்று கேட்பாள். ஆபீஸ் போகிற வழியெல்லாம் இதே நினைப்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. கேசட் பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அந்தப் பாட்டு இருந்த கேசட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உடைத்தால் தெரிந்துவிடும். ஒளித்தால் வேறு வாங்குவார். அழித்துவிட்டால் டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார், கொஞ்ச நாளில் விட்டுவிடுவார். இப்படி ஒரு கணக்குப் போட்டேன்.

கடைக் கேசட்டில் நாமாகப் பதிய முடியாதபடி மேல் மூலையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை அடைத்தால் பதியலாம். அடைக்க என்ன வேண்டும்? ஒரு துண்டுத் தாள், கொஞ்சம் பசை. என் பிழைப்பே அதுதான். ஆபீஸிலிருந்து முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்த சிவப்பு லேபிளில் ஒரு துண்டைக் கிழித்து, ஓட்டையில் ஒட்டினேன். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் கொடுத்த டேப் ரிக்கார்டரில் ரேடியோவும் உண்டு. ரேடியோவில் எது ஓடுகிறது என்றுகூடக் கவனிக்காமல் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொன்னேன். பசுவந்தனையில் ஒரு சொந்தக்காரி பிள்ளை பெற்றிருந்தாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரோடு முதல் நடையிலேயே ஏறினேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பாட்டு வராதபோது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அது போதும், மீதியை நானே முடிவு பண்ணிக்கொள்வேன்.

பசுவந்தனையில் நான் இறங்கவில்லை. கோவில்பட்டிக்குத் திரும்பும் நடையில்தான் விலக்கில் பாட்டு ஓடும்.

"பிள்ளையப் பாக்கலியா?" என்றார்.

"தூங்குதாம்" என்றேன்.

"யாரு சொன்னா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

டிரைவருக்குப் பின்னாலேயே பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. இரண்டு பக்கமும் பருத்திக் காடு கறுத்து நனைந்து கிடந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஏறுகிற பெண்களை எண்ணிக்கொண்டே வந்தேன். அண்ணே, சில்லறை இல்லண்ணே. அண்ணே, ஓரமா நிறுத்துங்கண்ணே. எல்லோரும் அண்ணே போட்டார்கள். நான் தேடியது அண்ணே போடாத ஒருத்தியை. எங்கள் பக்கம் கட்டிக்கொள்ளும் முறையுள்ளவனை எந்தப் பெண்ணும் அண்ணன் என்று கூப்பிட மாட்டாள். நாக்கு வராது. எவள் அவரை அண்ணே என்று கூப்பிடாமல் டிக்கெட் எடுக்கிறாளோ அவள்தான். அப்படி ஒருத்தி ஏறவும் செய்தாள். "ஏலே, மெதுவா ஓட்டு" என்றாள். எழுபது வயசு இருக்கும். பல் இல்லை.

விலக்கு வந்தது. வண்டியை ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கை பழக்கத்தில் கேசட்டைத் தள்ளியது. நான் கண்ணாடிக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு ஆண் குரல், நிதானமாக, பருத்தியில் காய்ப்புழு வந்தால் என்ன மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தது.

கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே இது?"

அவர் அடுத்த பக்கம் புரட்டக் கையை நீட்டினார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "ஏய், நிப்பாட்டாதப்பா. மருந்து பேரைச் சொல்லுதான்லா."

வண்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அதில் சோகம் இல்லை. கோபம்கூட இல்லை. மனுஷன் அவசர அவசரமாக ஊர்ப் பக்கம் பார்த்தார், கண்டக்டரின் வாட்சைப் பார்த்தார், மறுபடி ஊர்ப் பக்கம் பார்த்தார். அவளைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் கேசட்டை வெளியே எடுத்தார். திருப்பினார். மூலையில் ஒட்டியிருந்த சிவப்பு லேபிளைக் கண்டார். கழுத்தை மட்டும் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நேரமாச்சுண்ணே. பின்னால பெரிய வண்டி வந்துருவான்" என்றான் கண்டக்டர்.

"இன்னும் ஆளு வரலியேடே."

"அஞ்சு நிமிசம் நின்னாச்சு. இன்னும் நின்னா ஸ்டாண்டுல சண்டைதான்."

வண்டி கிளம்பியது. ரோடு அங்கே ஒரு பெரிய வளைவு. வளைவு திரும்பும்போது காட்டுக்குக் குறுக்கே ஒருத்தி ஓடிவருவது தெரிந்தது. ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் செருப்பு, முழங்கால் வரைக்கும் கரிசல் மண். அவளுக்குப் பின்னால் தூரத்தில் மூன்று பேர் சேற்றில் கால் எடுக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். இவர் பிரேக் போட்டார். அவள் ஏறின வேகத்தில் வண்டி ஆடியது.

"ஏண்ணே, ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கண்டக்டர்தான் பதில் சொன்னான். "நின்னுட்டுத்தானக்கா எடுத்தோம். வாட்சைப் பாரு."

"ஒன் வாட்சைக் கொண்டு ஒடப்புல போடு. பாட்டு எங்கடே? பாட்டு போட்டாத்தான வண்டி வந்திருக்குன்னு தெரியும். யாரோ ரேடியோ கேக்கான்னுல்லா இருந்தோம்." டிரைவர் பக்கம் திரும்பினாள். "அந்த மூணு பேருக்கும் இன்னைக்குப் பொழப்புப் போச்சுண்ணே. மில்லு கேட்டை அடைச்சிட்டான்னா தெறக்கவே மாட்டான். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. டேப்பு கெட்டுப்போச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் முனகிக்கொண்டே என் பக்கத்தில் வந்து விழுந்தாள். என் சேலையெல்லாம் சேறு. அண்ணே போட்டவள்தானே என்று எனக்கு அவள்மேல் சந்தேகம் எதுவும் வரவில்லை. பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரு பாட்டுக்கா இந்தப் பாடு?"

"பின்ன? எங்க ஊருக்குக் கெடியாரமே அதுதான. முன்னால இவிய வாட்சுக்கும் எங்க வாட்சுக்கும் தெனம் சண்டை. நீ முந்தி எடுத்துட்ட, நீ பிந்தி வந்தன்னு. அப்புறந்தான் இந்தப் பாட்டை வச்சாவ. பாட்டு முடிஞ்சா வண்டி எடுப்பாவ. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு, எந்த எடத்துல ஓடுதுன்னு காதைக் குடுத்தாப் போதும்." விரலை மடக்கினாள். "கம்பு விதைக்கையில சடை பின்னுவேன். களை எடுக்கையில வாளியில சோத்தை அள்ளுவேன். கதிர் அறுக்கையில பிள்ளைய மாமியா கையில குடுத்துருவேன். உறுமி அடிச்சான்னா ஓட்டந்தான். ஒரு நா தப்புனதில்ல."

"பாட்டு கேக்க நல்லா இருக்கும்லா" என்றேன். என் புத்தி அதைத் தாண்டவில்லை.

"யாருக்கு?" என்றாள். "அவன் மறந்தா என்ன, மறக்காட்டா எனக்கென்ன? எனக்கு மில்லுக்குப் போணும்." சேலை நுனியால் காலைத் துடைத்தாள். "நீங்க எங்கன போறிய?"

"சும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மில் வாசலில் இறங்கி ஓடினாள். கேட் மூடுவதற்குள் நுழைந்துவிட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளாவது நுழைந்தாளே என்று மூச்சு விட்டேன். மற்ற மூன்று பேரும் இந்நேரம் வீட்டுக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் அந்த மூச்சும் நின்றுவிட்டது.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து கேசட்டை என் முன்னால் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"லேபிளு நல்லா ஒட்டியிருக்க" என்றார்.

நான் கேசட்டைத் திருப்பி வைத்தேன்.

"எதுக்கு?"

அப்போதுதான் வாய் திறந்தது. சித்தி சொன்னது, எதிரே லேபிள் ஒட்டுகிறவள் சொன்னது, இத்தனை நாளாக முகம் பார்த்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எத்தனையோ பாட்டு இருக்க, அந்த ஊருல அந்தப் பாட்டை ஏன் போடணும்?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா இருக்கணும். சரியா அஞ்சு நிமிசம் ஓடணும். நீ ஒண்ணு சொல்லு, அதைப் போடுதேன்."

இரண்டு மூன்று பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், எதுவும் ஐந்து நிமிடம் வரவில்லை.

"அவ யாரு?" என்றேன். "இன்னைக்கு வண்டியில வந்தாளா?"

"வந்தா. ஒம் பக்கத்துலதான் உக்காந்து வந்தா."

"அவ ஒங்கள அண்ணேங்காளே."

"ஆமா" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வைத்த செருப்பை மறுபடி நகர்த்தி வைத்தார். "நான் இந்த ரூட்டுக்கு வந்த முத நாளே, வண்டி நெறைய ஆளு இருக்கையில, அண்ணே மில்லு வாசல்ல நிப்பாட்டுங்கன்னு சொல்லிட்டா. அன்னையோட முடிஞ்சுது."

"வலிச்சுதா?"

"அன்னைக்கு வலிச்சுது."

"இப்ப?"

"இப்ப அவ வரலன்னா ஒரு டிக்கெட்டு கொறையும்" என்றார். சிரிக்க வேண்டிய இடம். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. கேசட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார். "ஒன் ஆத்திரத்துக்கு என்னய ரெண்டு அடி அடிச்சிருக்கலாம். அந்த மூணு பேரு ஒனக்கு என்ன செஞ்சாவ?"

நான் எழுந்து அரிசிப் பானையில் வைத்திருந்த பணத்தை எடுத்தேன்.

கேசட் கடை அடைப்பதற்குள் போய்விட வேண்டும் என்று அப்படியே கிளம்பினேன். கடைக்காரர் பாட்டின் பெயரைக் கேட்டதும், "ஒங்களுக்கும் அந்தப் பாட்டா?" என்று சிரித்தார். எடுத்துக் கொடுத்தார். போட்டுக் காட்டுங்கள் என்றேன். தொடக்கத்தைப் போட்டு நிறுத்தினார். முழுக்கப் போடுங்கள் என்றேன். கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது. இந்தக் கேசட்டில் நீளம் மாறியிருந்தால் நாளைக்கும் யாராவது காட்டில் ஓடுவார்கள் என்ற பயம் எனக்கு.

அந்தப் பாட்டை முதல் தடவையாக முழுக்க நின்று கேட்டேன். கம்பு விதைத்தான். அவள் சடை பின்னினாள். களை எடுத்தான். அவள் சோற்றை அள்ளினாள். கதிர் அறுத்தான். பிள்ளை மாமியார் கைக்குப் போனது. உறுமி ஓய்ந்தபோது ஐந்து நிமிடம் சரியாக ஆகியிருந்தது.

"அழுவீங்கன்னு பாத்தேன்" என்றார் கடைக்காரர்.

"மணி பாத்தேன்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குமேல் என் நெஞ்சு வழக்கம்போலப் படபடத்தது. ஆனால் இந்தத் தடவை, நாலு பேரும் ஏறியிருப்பார்களா என்று. சாயங்காலம் அவர் வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன். ஏறினார்கள், ஏறும்போது நல்லா ஏசினார்கள் என்றார்.

எல்லாம் அன்றோடு தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டு எங்கேயாவது தொடங்கினால் என் கண் தானாக அவர் முகத்துக்குப் போகும். ரொம்ப நாள் அப்படி இருந்தது. அந்த வருஷம் எங்கள் தெருக் கோயில் கொடையில் சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் அதைப் போட்டார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. யாரிடமோ டயர் விலை பேசிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து உறுமி அடித்தது, ஓய்ந்தது.

பேச்சு நிற்கவில்லை. அவருடைய இடது கை மட்டும் தம்ளரை விட்டுவிட்டு, வெறும் காற்றில் கீழே இறங்கி, கியரைத் தேடியது.

நான் உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.